தள்ளிப்போன தேதிகள்

அன்புள்ள தோழிக்கு,

குடல் புற்றில் நம்மை விட்டுப் போன உன் தம்பியைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கு என்ன பதில் எழுதுவது என்று இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். "மலத்தில் ரத்தம் போகிறது என்று அவன் சொன்னபோது, மூலமாகத்தான் இருக்கும், இப்போது ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே என்று தடுத்தவள் நான்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போகவே எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, அரசுகள், மருத்துவர்கள், செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: வீட்டை விட்டு வெளியே வராதீர்கள். நீ அவன் கையைப் பிடித்து அழைத்துப் போயிருந்தாலும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி அறை மூடியிருக்கிறது, நிலைமை சரியான பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கக்கூடும். ஊரே சொன்னதை நீயும் சொன்னாய். அந்தப் பாரத்தை நீ ஒருத்தி மட்டும் தூக்கிச் சுமப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

பல நாடுகளில் நடந்த கதைதான் இது. இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2020 மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களில் புதிய நோயாளிகளின் பதிவு, அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைந்திருந்தது. நெதர்லாந்திலும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை அந்த வாரங்களில் சட்டென்று சரிந்தது. அத்தனை பேருக்கும் நோய் வராமல் போய்விட்டதா என்ன? கட்டியோடு வீட்டிலேயே இருந்தார்கள். கூட்டம் குறைந்த எங்கள் கதிர்வீச்சுப் பிரிவைப் பார்த்து அப்போது சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்தக் காலி நாற்காலிகள் பயத்தைத்தான் தந்தன.

நீ நேராகக் கேட்டிருக்கிறாய்: அந்த மாதங்கள்தான் அவனைக் கொன்றனவா? தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். 12 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அலசிய ஓர் ஆய்வு 2020 இறுதியில் வெளிவந்தது. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால், புற்றின் வகையையும் சிகிச்சையையும் பொறுத்து, இறப்பு அபாயம் சுமார் 6 முதல் 13 சதவீதம் கூடுகிறது என்று அது சொன்னது. நூறு பேரில் கூடுதலாக ஆறு பேர் இறப்பார்கள் என்று இதைப் படித்துவிடாதே. ஏற்கெனவே இருக்கிற அபாயம் அந்த விகிதத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். ஒரு நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அது பெரிய இழப்பு; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கு கூட்டத்துக்குப் பொருந்துவது. ஒரு தனி மனிதனின் விதியை அதை வைத்துப் படிக்க முடியாது. குடலில் பாலிப் என்கிற ஒரு சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறுவதற்கே பெரும்பாலும் பத்தாண்டு வரை ஆகும். ரத்தம் கண்ணில் பட்ட அன்றே அது கல்லீரல்வரை போயிருந்ததா, அதற்குப் பிறகுதான் போனதா என்று எந்த மருத்துவராலும் இன்று சொல்ல முடியாது. யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு நீ உனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறாய்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 61 நாடுகளில், குணப்படுத்தும் நோக்கத்தோடு அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கப்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முழு முடக்கம் இருந்த இடங்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அந்த அறுவை சிகிச்சை நடக்கவே இல்லை. கட்டுப்பாடு தளர்வாக இருந்த இடங்களில் அநேகமாக எல்லோருக்கும் நடந்தது. தொற்று இல்லாதவர்களுக்கென்று தனி வார்டும் தனித் தீவிர சிகிச்சைப் படுக்கையும் ஒதுக்கியிருந்தால் அவர்களில் எத்தனையோ பேரின் தேதி தள்ளிப்போயிருக்காது. கொரோனாவில் இறந்தவர்களைத் தினமும் எண்ணினோம். தேதி தள்ளிப்போய் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அவர்களின் சான்றிதழில் புற்றுநோய் என்று மட்டும்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லோருக்குமே குழப்பம். கீமோ கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறையும், தொற்று வந்தால் பிழைக்கமாட்டார் என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. 2020 மே மாதம் பிரிட்டனிலிருந்து, புற்றுநோயோடு கொரோனாவும் வந்த 800 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்களில் 28 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், கொடுமையான எண்ணிக்கை. ஆனால் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் கீமோ எடுத்தவர்களுக்கு அதனால் இறப்பு கூடவில்லை என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஒரேயடியாகக் கீமோவை நிறுத்த வேண்டியதில்லை என்ற தைரியம் அதன் பிறகுதான் வந்தது.

நல்லதும் ஒன்று நடந்தது, அது என் வேலையோடு சேர்ந்தது. மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று வாரம், 15 நாள் கதிர்வீச்சு கொடுத்துவந்தோம் அல்லவா? அதையே ஒரே வாரத்தில் ஐந்து தவணையாகக் கொடுத்தாலும் ஐந்தாண்டு பலன் குறைவதில்லை என்று ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2020 ஏப்ரலில்தான் வெளியானது. சாதாரணக் காலமாக இருந்தால் அது நடைமுறைக்கு வர ஆண்டுக்கணக்காகியிருக்கும். நோயாளிகள் பத்து முறை குறைவாக அலைகிறார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் நிறைகிறது.

ஆனால் துணைக்கு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தியதை மட்டும் நான் இன்றுவரை ஏற்கவில்லை. ஒரு வயதான அம்மா, சதையை எடுத்துச் சோதித்த பயாப்சி முடிவைக் கேட்க உள்ளே தனியாக வந்தார். மருத்துவர் கண்ணாடித் திரைக்கு அந்தப் பக்கம், முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுகிறார். அந்த அம்மாவுக்குப் பாதி கேட்கவில்லை. செல்போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். கீழே படிக்கட்டில் நின்ற மகள் அதில் கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவர் பேச்சை நிறுத்தியதும் போனில் சத்தமே இல்லை. அந்த அம்மா போனைத்தான் தடவிக்கொடுத்தார். இன்னொரு தொற்று வந்தால், சோதனை செய்து ஒரே ஒருவரையாவது உள்ளே விடச் சொல்லி நான் கட்டாயம் சண்டை போடுவேன்.

என் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. முதுகு வலி இருக்கிறது, வேலையும் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தட்டிக்கழிக்காதே. உடன்பிறந்தவருக்குக் குடல் புற்று வந்திருந்தால் நமக்கும் அபாயம் கூடுதல். மற்றவர்களைவிட முன்னதாகவே கொலனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்வார்கள். அவனுக்கு நாற்பத்தெட்டு வயதில்தானே தெரிந்தது? நீ அதைத் தாண்டிவிட்டாய். முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கிற மருந்துதான் கஷ்டம். பரிசோதனையின்போது மயக்கம் கொடுத்துவிடுவார்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்தும் விடலாம். இந்த வாரமே தேதி வாங்கி எனக்கு எழுது. அன்றைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், உன்னைத் தனியாக உள்ளே அனுப்பமாட்டேன்.

அன்புடன்,
உன் தோழி