ஐயாவின் புள்ளிக் கணக்கு மறுபடி ஓடுகிறது

காரைக்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அப்பத்தா சுகம். முகப்பில் ஒழுகிய ஓடுகளையும் மாற்றியாயிற்று. இனி கதைக்கு வருகிறேன்.

1999-ல் ஐயாவுக்காக நாம் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினோமே புள்ளிக் கணக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி), அந்தச் சிடி இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில் கிடைத்தது. கோயில் திருப்பணிக்குப் புள்ளி வரி போட வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று, சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் 15-ஆம் பதிப்பில் கம்பைல் செய்தேன். திரை கொள்ளாத எரர்.

சோம்பேறித்தனமாக, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், 1989-ஆம் வருட சி விதிப்படியே நட என்னும் ‘ஜிஎன்யு89’ ஃபிளாக்கைப் போட்டேன். எரர் எல்லாம் வார்னிங் ஆகிவிட்டது. நானும் படிக்கவில்லை. அப்புறம், ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பிடித்துக்கொண்டது: ‘மல்டிபிள் டெஃபனிஷன்’. மொத்தப் புள்ளியை எண்ணும் மாறியை, பல ஃபைலுக்கும் பொதுவான ஹெடரிலேயே அறிவித்து, அந்த ஹெடரை நாலு ஃபைலில் சேர்த்திருக்கிறோம். ஒரே புள்ளியை நாலு நோட்டில் எழுதிய மாதிரி. அந்தக் காலத்து ஜிசிசி நாலையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். 2020-ல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை இல்லை. ஹெடரில், ‘அசல் வேறு இடத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் ‘எக்ஸ்டர்ன்’ சேர்த்து, ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் மாறியை வைத்தேன். பழையபடி ஒன்றாக்கச் சொல்லும் ‘எஃப்காமன்’ ஃபிளாக் போட்டாலும் ஓடியிருக்கும், எனக்குத்தான் மனசு வரவில்லை.

பில்ட் முடிந்தது. ஓட்டினால் முதல் பெயரை அச்சிடும்போதே செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டு நின்றுபோனது! ராத்திரி ஒரு மணி வரை வளவில் உட்கார்ந்து பார்த்தேன். பெயரை எடுத்துத் தரும் ஃபங்ஷன் வேறு ஃபைலில் இருக்கிறது. அது தருவது பாயின்டர், அதாவது நினைவக முகவரி. அது என்ன தரும் என்று முன்கூட்டி அறிவிக்கும் புரோட்டோடைப்பை நாம் எழுதவே இல்லை. அறிவிப்பு இல்லாவிட்டால், இன்ட் (முழு எண்) தரும் என்று கம்பைலர் தானாக எடுத்துக்கொள்ளும். அன்றைய 32 பிட் பெட்டியில் இரண்டும் நாலு பைட், குறை தெரியவில்லை. இன்றைக்குப் பாயின்டர் எட்டு பைட். பாதி முகவரி வெட்டுப்பட்டுப் போகிறது. ஜிசிசி 14-லிருந்து இதை எரராக்கியது இதற்காகத்தான் போலிருக்கிறது. நான்தான் ஃபிளாக் போட்டு அதன் வாயைக் கட்டியிருக்கிறேன்.

ஃபிளாக்கை எடுத்துவிட்டு, எரரை ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினேன். பெரும்பாலும் விட்டுப்போன ஹெடர்கள். சரி, தவறு என்பதைக் குறிக்க ‘பூல்’ என்று நாமே ஒரு டைப்டெஃப், அதாவது வகைப் பெயர், வைத்திருந்தோம். ஜிசிசி 15 பின்பற்றும் புதிய தரமான சி23-ல் அது மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டது, அந்த வரி போயிற்று.

இப்போது பட்டியல் ஒழுங்காக வருகிறது. சித்தப்பா தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, “ஏப்பா, இது என்ன வருசம்?” என்றார். தலைப்பில் 19125 என்று இருந்தது. 1900-லிருந்து எத்தனை வருடம் என்று சிஸ்டம் தரும் எண்ணுக்கு முன்னால் 19 என்று யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த ஃபைல் உன்னுடையது மாப்ளே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்