பாரிஸ், நாலு நாள், பதினோரு மியூசியம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பின எக்ஸெல் ஷீட் வந்துச்சு. நாலு நாளைக்குப் பதினோரு மியூசியம். ஒவ்வொண்ணுக்கும் நேரம், மெட்ரோ லைன் நம்பர், நடுவுல "மதிய உணவு: 25 நிமிடம்". ஆபீஸ்ல ஆடிட் வந்தா இப்படித்தான் தயார் பண்ணுவே போல. வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போடலாம்னுதான் உட்கார்ந்தேன், நீண்டுக்கிட்டே போச்சு. லீவுக்குப் பிள்ளைங்களோட கிளம்பற இன்னும் ரெண்டு மூணு பேரும் இதையே கேட்டிருந்தாங்க. அதனால இங்கேயே எழுதிட்டேன். உன் பேரைப் போடலை, பயப்படாதே.

முதல்ல ஒரு நல்ல சேதி. மூணாம் நாள் பொம்பிடூன்னு, அந்த நவீனக் கலை மியூசியத்தைப் போட்டிருக்கே. அது 2025 செப்டம்பர்ல மூடினது, பராமரிப்பு வேலை முடிஞ்சு திறக்க 2030 ஆகும்னு சொல்றாங்க. ஆக, பத்து. அப்புறம், செவ்வாய்க்கிழமை லூவர், திங்கள்கிழமை ஓர்சேன்னு எழுதியிருக்கே. செவ்வாய் லூவருக்கு லீவு, திங்கள் ஓர்சேவுக்கு லீவு. அவ்வளவு கச்சிதமா ரெண்டையும் தப்பாப் போட உன்னாலதான் முடியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஷீட்டுல எல்லாம் இருக்கு. பெரியவளுக்கு எது பிடிக்கும், சின்னவனுக்கு எது பிடிக்கும்னு மட்டும் எங்கேயும் இல்லை. கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. ரெண்டு வருஷம் முன்னாடி என் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப நானும் கேட்கலை. இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், பெரிய பேரு உள்ளதை எல்லாம் பார்த்துடணும்னுதான் நினைச்சேன். காலைல ஒன்பது மணிக்கு லூவர்ல நுழைஞ்சோம். மத்தியானம் ஒண்ணரைக்கு என் மகன் கிரேக்கச் சிலைகளுக்கு நடுவுல இருந்த பெஞ்சுல கால் நீட்டிப் படுத்துட்டான். காவலர் வந்து தட்டி எழுப்பினார். "இன்னும் எத்தனை ரூம்மா?" ன்னு கேட்டான் பாரு, ஊசி போட்டுக்கப் போற குழந்தை கேட்கற மாதிரி இருந்துச்சு.

அன்னிக்கு உருப்படியா நடந்தது ஒண்ணே ஒண்ணு. மோனலிசா முன்னாடி கூட்டம் முட்டி மோதிச்சு. படம் வெறும் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். தலைகளுக்கு நடுவுல தபால்தலை மாதிரி தெரிஞ்சுது. மகள் கடுப்பாகித் திரும்பி நின்னா. எதிர்ச்சுவர்ல வெரோனேஸே வரைஞ்ச, பைபிள்ல வர்ற கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். "இதை எந்த வாசல் வழியா உள்ள கொண்டு வந்தாங்க?" ன்னு கேட்டா. போனைத் தட்டிப் பார்த்தோம். வெனிஸ்ல ஒரு மடத்துச் சாப்பாட்டுக்கூடத்துல இருந்த படம். 1797ல நெப்போலியன் படை கழட்டிக்கிட்டு வந்தது. திருப்பித் தரவே இல்லை. "அப்ப இது திருட்டு சாமானா?" ன்னு, பெஞ்சுல படுத்துத் தூங்கின மகனும் அதைக் கேட்டு முழிச்சுக்கிட்டான்.

அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, லூவருக்குள்ள பிள்ளைங்களோட போக ஒரு கேள்வி கையில இருக்கணும். உனக்கும் அந்தக் கேள்வியையே இலவசமாத் தர்றேன்: எது யார்கிட்ட இருந்து திருடினது? மோனலிசாவையே 1911 ஆகஸ்ட் 21ல பெருஜியான்னு ஒரு இத்தாலிய வேலையாள் தூக்கிட்டுப் போனான், மியூசியம் மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை. வெறும் சுவரைப் பார்க்க ஜனங்க வரிசை கட்டினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஃப்ளோரன்ஸ்ல விற்கப் போய் மாட்டினான். படத்தோட புகழ்ல பாதி அந்தக் காலி ஆணிக்குச் சேரணும்னு நான் சொல்வேன். அப்புறம் பாபிலோன் ராஜா ஹமுராபி தன் சட்டங்களைச் செதுக்கி வைச்ச கல். ரெண்டேகால் மீட்டர் உயரக் கருங்கல், மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கும் மேல பழசு. வாயைத் திறந்தா வக்கீல் மாதிரி வாதாடற நம்ம சின்னவனுக்குன்னே செஞ்சு வைச்சது. அதுவும் பாபிலோன்ல இருந்து பக்கத்து ஏலாம் நாட்டு ராஜா கொள்ளையடிச்சு, இன்னிக்கு ஈரான்ல இருக்கற சூசாவுக்கு எடுத்துட்டுப் போனது. அங்க தோண்டின பிரெஞ்சுக்காரங்க 1901, 1902 வாக்குல கண்டெடுத்து இங்க கொண்டு வந்தாங்க. கொள்ளைக்கு மேல கொள்ளை. கடைசியா வெளிய வந்து ஆத்தங்கரைப் பக்கம் நின்னு அப்போலோ கேலரியோட பால்கனியைக் காட்டு. 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலைல, ஏணி வைச்ச லாரியைக் கொண்டு வந்து நிறுத்தி அதுவழியா ஏறி, எட்டு நிமிஷத்துக்குள்ள ராஜ நகைகளை அள்ளிக்கிட்டுப் போனாங்க. மூணாம் நெப்போலியனோட மனைவி யூஜெனி மகாராணியோட கிரீடத்தை மட்டும் ஓடற அவசரத்துல கீழே போட்டுட்டாங்க. அங்க பிள்ளைங்க உன்னைவிட நல்லா துப்பு துலக்கும்.

மொத்தம் ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல லூவர்ல நிக்காதே. மிச்சம் இருக்கறதை நினைச்சு வருத்தப்படவும் வேண்டாம். கல்யாணப் பந்தியில நூறு பதார்த்தம் இருந்தாலும் இலை ஒண்ணுதானே.

ரெண்டாவது நாளை நாங்க மகன்கிட்ட விட்டோம். என்ன பார்க்கணும்னு கேட்டதுக்கு "மெஷின்" னான். அதனால ஆர்ஸ் எ மெத்தியே மியூசியம். உன் பதினொண்ணுல இது இல்லவே இல்லை! 11-ஆம் நம்பர் லைன்ல அதே பேர் உள்ள ஸ்டேஷன்ல இறங்கு. நடைமேடை முழுக்கச் செம்புத் தகடு, வட்ட ஜன்னல்கள், நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள நிக்கற மாதிரி. மேல ஏறினா ஒரு பழைய மடாலயம், அதுக்குள்ள 1794ல ஆரம்பிச்ச தொழில்நுட்பச் சேகரிப்பு. கணித மேதை பாஸ்கலோட கணக்குப் பொறி அங்க இருக்கு. வரி வசூல் அதிகாரியா இருந்த அப்பா ராத்திரி எல்லாம் கூட்டிக் கழிச்சு அவதிப்பட்டதைப் பார்த்து, பத்தொன்பது வயசுல அதைச் செய்ய ஆரம்பிச்சான். நம்ம வீட்டுல இப்படி ஒருத்தன் இருந்தா உன் எக்ஸெல்லுக்கு வேலையே இருந்திருக்காது.

படிக்கட்டுக்கு மேல வௌவால் இறக்கையோட ஒரு விமானம் தொங்குது. கிளெமான் அதேர் நீராவி எஞ்சின் வைச்சுக் கட்டினது. 1897ல ராணுவத்துக்காரங்க முன்னாடி சோதிச்சுப் பார்த்தாங்க, ஒழுங்காப் பறக்கலை, காசை நிறுத்திட்டாங்க. அந்த விமானத்தடியில என் மகன் இருபது நிமிஷம் நின்னான். தேவாலயப் பகுதியில, 1909 ஜூலை 25ல ஆங்கிலக் கால்வாயைத் தாண்டின பிளேரியோவோட விமானம் இருக்கு. ஜெயிச்ச விமானத்துக்கு அவன் கொடுத்தது ரெண்டு நிமிஷம். காரணம் கேட்டேன். "அது பறந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன" ன்னான். ஃபூக்கோ ஊசலையும் அங்கேயே பார்க்கலாம்; பூமி சுத்தறதைக் கண்ணால காட்டற அந்தச் சோதனையை 1851ல இதே ஊர்ல பாந்தியோன்ங்கற பெரிய குவிமாடக் கட்டடத்துல 67 மீட்டர் கம்பியில தொங்கவிட்டுச் செஞ்சாங்க. அது ஆடற திசை மெல்ல மெல்லத் திரும்பறதைப் பார்க்கப் பொறுமை வேணும், அது உனக்கும் கிடையாது.

மகளோட நாள் வேற மாதிரி. அவ வரையற பொண்ணு. ஜார்தான் தே பிளாந்த் தோட்டத்துல இருக்கற எலும்புக்கூட்டுக் கேலரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. 1898ல திறந்த மண்டபம். கதவைத் திறந்து உள்ள போனா நூத்துக்கணக்குல எலும்புக்கூடுங்க, எல்லாம் ஒரே திசை பார்த்து, நம்மளை நோக்கி ஊர்வலம் வர்ற மாதிரி. யானை, திமிங்கிலம், எல்லாம். தரையில உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் வரைஞ்சா. நானும் இவனும் வெளிய தோட்டத்துல ரொட்டி தின்னுக்கிட்டுக் கிடந்தோம். அதுவும் ஊர் சுத்தறதுதான், தம்பி. பெரியவளும் நோட்டும் பென்சிலுமா இருக்கான்னு அம்மா சொன்னாங்க. அவகிட்ட இந்த இடத்தைச் சொல்லிப் பாரு.

ஓர்சேயை விட்டுடாதே, ஆனா சாயங்காலம் போ. வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். அது 1900ல கட்டின ரயில் நிலையம். பின்னால வந்த நீள ரயில்களுக்கு நடைமேடை பத்தலை. கடைசியில 1986ல மியூசியம் ஆயிடுச்சு. அஞ்சாம் மாடியில பெரிய கண்ணாடிக் கடிகாரத்துக்குப் பின்னாடி நின்னு பெரியவ போட்டோ எடுப்பா, இருபது எடுப்பா. "இதுக்கா இங்க வந்தோம்?" னு வாயைத் திறக்காதே. அந்தப் போட்டோ முடிஞ்ச பிறகுதான் என் மகள் தானா நடந்து போய், சட்டையில்லாம முழங்கால் போட்டு மரத்தரையைச் சீவற மூணு தொழிலாளிங்க படத்து முன்னாடி நின்னா. கைபோத் 1875ல வரைஞ்சது. ரொம்பக் கொச்சையா இருக்குன்னு அந்த வருஷத்துக் கண்காட்சியில தள்ளிட்டாங்களாம். வான்கோவை நான்தான் இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தா.

கேட்டகோம்ப் வேணும்னு சின்னவன் ஒத்தைக்கால்ல நிப்பான். அறுபது லட்சம் பேருக்கு மேல எலும்பு அடுக்கி வைச்சிருக்கற சுரங்கம். 131 படி இறங்கி 112 படி ஏறணும். உன் வீட்டுக்காரியோட முழங்காலைக் கேட்டுட்டு முடிவு பண்ணு. கீழ 14 டிகிரிதான், மே மாசம்னாலும் ஸ்வெட்டர் வேணும்.

ஆசியக் கலைக்கான கீமே மியூசியத்துல சோழர் கால நடராஜர் இருக்கார்னு அடிக்கோடு போட்டிருக்கே. போ, பாரு. அவர் முன்னாடி நின்னு அரை மணி நேரம் பெருமை பேசினே, பிள்ளைங்க தஞ்சாவூர்ப் பக்கமே தலைவைச்சுப் படுக்காது.

மியூசியம் பாஸ் எடுக்கணுமான்னு கேட்டிருந்தே. வேண்டாம். பதினெட்டு வயசுக்குக் கீழ லூவர், ஓர்சே, ஆர்ஸ் எ மெத்தியே எல்லாத்துக்கும் டிக்கெட் கிடையாது, வயசுக்கு பாஸ்போர்ட் காட்டினா போதும். லூவருக்கு மட்டும் பிள்ளைங்க பேர்லயும் நேரம் முன்பதிவு பண்ணிடு. உங்க ரெண்டு பேருக்குப் பாஸ் எடுத்தா, கொடுத்த காசைக் கறக்கணும்னு மறுபடி பதினொண்ணுக்குப் போயிடுவே. எனக்கு உன்னைத் தெரியாதா?

ஷீட்டை நீ திருத்தாதே. அழிச்சுட்டு வெறும் தேதியை மட்டும் வைச்சு பிள்ளைங்ககிட்ட கொடு, ஆளுக்கு ஒரு நாள். சின்னவன் ஒரு நாள் முழுக்க ஃபுட்பால் ஸ்டேடியம்னு எழுதினா எனக்குப் போன் பண்ணு. நான் அவன் பக்கம்தான் பேசுவேன்.

அன்புடன்,
அக்கா