ஸோர்பாவைத் திரையிடுமுன்: மதிவாணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதிவாணன்,

அடுத்த மாதத் திரையிடலுக்கு 'ஸோர்பா தி கிரீக்' படத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆனால் கூட்டம் சேர்க்கக் கடைசி நடனத்தை மட்டும் முன்னதாக ஓட்டிக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பிலும் 'மனசை லேசாக்கும் நகைச்சுவைப் படம்' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

அந்த நடனம் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். கல்யாண வீட்டில், கப்பலில், விளையாட்டு மைதானத்தில் எங்கும் அந்த மெட்டு ஒலிக்கிறது. 2012இல் கிரீஸின் வோலோஸ் நகரத்தில் 5,614 பேர் ஒரே நேரத்தில் ஆடி கின்னஸில் இடம் பிடித்தார்கள். தனியாகப் பார்த்தால் அது இரண்டு ஆண்கள் கடற்கரையில் குஷியாக ஆடும் காட்சி, அவ்வளவுதான். படத்தோடு பார்க்கிறவருக்கு, அந்த இரண்டு பேருக்கும், அதாவது கிரேக்கத் தீவான கிரீட்டில் சுரங்கம் நடத்த வந்த எழுத்தாளன் பாஸிலுக்கும் அவன் வேலைக்கு வைத்த ஸோர்பாவுக்கும், ஆடுவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்பது தெரியும். சுரங்கம் போயிற்று, பணம் போயிற்று, இருவரும் நேசித்த இரண்டு பெண்களும் செத்தாயிற்று. துணுக்கை முன்கூட்டியே காட்டினால் பார்வையாளர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குஷிக்காகவே காத்துக்கொண்டிருப்பார். நடுவில் நடப்பதெல்லாம் அவருக்கு இடைஞ்சலாகத் தெரியும்.

இயக்குநர் மைக்கேல் காகோயானிஸ், சைப்ரஸின் லிமசோலில் பிறந்தவர். 1964இல் இந்தப் படத்தை எடுப்பதற்கு முன், 1962இல் பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'எலெக்ட்ரா'வை எடுத்திருந்தார். அதிலும் ஐரீன் பாப்பாஸ்தான் நாயகி, வால்டர் லாஸலிதான் ஒளிப்பதிவு, மிகிஸ் தியோடோராகிஸ்தான் இசை. இந்த முன்கதை முக்கியம். கிரேக்கத் துன்பியலின் கோரஸை, அதாவது கதையைப் பார்த்துப் பாடும் கூட்டத்தை, ஒரு கிரீட் கிராமத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் காகோயானிஸ் இந்தப் படத்தில் செய்த வேலை என்பேன். கோரஸ் இங்கே பாடுவதில்லை. காபிக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

முதலில் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மழை நாளில் ஊரின் இளம் விதவையின் (ஐரீன் பாப்பாஸ்) ஆட்டை ஒளித்து வைத்துக்கொண்டு அவளைச் சீண்டுகிறார்கள். ஸோர்பா ஆட்டை மீட்டுத் தருகிறான், பாஸில் தன் குடையைக் கொடுக்கிறான். கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் அதுவரை சிரிப்புக் காட்சிதான். பின்னால் அவளை விரும்பிய இளைஞன் கடலில் விழுந்து செத்ததும், அதே முகங்கள் கோயில் முற்றத்தில் கல்லோடு வளைத்து நிற்கின்றன. ஸோர்பா கத்தி வைத்திருப்பவனை வெறுங்கையால் மடக்குகிறான். முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விடும்போது இளைஞனின் தகப்பன் அவள் கழுத்தை அறுத்துவிடுகிறான். பாப்பாஸுக்குப் படம் முழுவதும் வசனம் அநேகமாக இல்லை, பாத்திரத்துக்குப் பெயரும் இல்லை. கண்ணும் கறுப்பு உடையும்தான்.

பாஸில் இங்கே ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். கொன்றவனுக்குத் தண்டனை கிடையாது. படமும் கொஞ்ச நேரத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. கலந்துரையாடலில் யாராவது, முக்கியமாகப் பெண்கள், இதைக் கேட்பார்கள். சமாளிக்க வேண்டாம். கேள்வி நியாயமானது, படத்திடம் அதற்குப் பதில் இல்லை.

மேடம் ஹோர்தென்ஸ் விஷயத்திலும் இதே கூட்டம்தான். கிரீட்டில் தங்கிவிட்ட பழைய பிரெஞ்சு ஆட்டக்காரி அவள். நாலு நாட்டுக் கடற்படைத் தளபதிகளும் ஒரு காலத்தில் தன் காலடியில் கிடந்தார்கள் என்பாள். கேட்கப் புளுகு மாதிரி இருந்தாலும் பின்னணி நிஜம்: 1897-98இல் ஐரோப்பிய வல்லரசுகளின் கூட்டுக் கடற்படை கிரீட்டைச் சுற்றி நின்றது, அதற்குத் தலைமை தாங்கியவர் இத்தாலியத் தளபதி கானெவாரோ. அறிமுக உரையில் இதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் வெறும் உளறல்காரியாகிவிடுவாள். இந்த வேடத்துக்கு முதலில் வந்தவர் சிமோன் சின்யோரே. அவர் விலகியதால் அவசரமாக அழைக்கப்பட்டவர் லீலா கெட்ரோவா. சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. இருபது வருடம் கழித்து இதே பாத்திரத்தை மேடையில் நடித்து, அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார்.

அவள் சாகும் காட்சியை மட்டும் நெருக்கமாகக் கவனியுங்கள். அவளுக்கு வாரிசு இல்லை, சொத்து அரசுக்குப் போய்விடும். ஆகவே ஊர் முந்திக்கொள்ளப் பார்க்கிறது. உயிர் போகும் முன்பே இரண்டு கிழவிகள் அறைக்குள் வந்து காத்திருக்கிறார்கள். மூச்சு நின்ற நொடியில் கூட்டம் பாய்கிறது. ஸோர்பா திரும்பி வரும்போது அறையில் மிஞ்சியிருப்பது கட்டிலும் அதில் அவள் உடலும் கூண்டில் ஒரு கிளியும்தான். இதை காகோயானிஸ் சோகக் காட்சியின் நடையில் எடுக்கவில்லை. கூச்சலும் தள்ளுமுள்ளுமாக, கிட்டத்தட்டக் கேலிக்கூத்தின் வேகத்தில் எடுத்திருக்கிறார். அரங்கில் சிலருக்குச் சிரிப்பு வரும், உடனே அடங்கும். படம் அறுபது வருடமாக உயிரோடு இருப்பதற்கு அந்த அடங்கும் சிரிப்புதான் காரணம் என்பது என் கட்சி.

சுரங்கத்துக்காக மலையிலிருந்து மரம் இறக்கும் கம்பிவடக் காட்சியைப் பொறியியல் படித்தவர்கள் தனியாக ரசிப்பார்கள். தூண்கள் நட்டு, கம்பி இழுத்து, உச்சியிலிருந்து மரத்தைத் தொங்கவிட்டுக் கடற்கரைக்கு அனுப்புவதுதான் ஸோர்பாவின் திட்டம். வேகத்தைத் தடுக்க ஏற்பாடே இல்லை. 100 மீட்டர் இறக்கம், உராய்வு இல்லை என்று வைத்தால் கீழே வரும்போது வேகம் நொடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். பாதி ஆற்றல் உராய்வில் போனால்கூட 110க்குக் குறையாது. முறையான கம்பிவடத்தில் இறங்கும் சுமையை இன்னொரு கயிறு பிடித்திருக்கும், மேலே உருளையில் பிரேக் இருக்கும், தூண்களுக்குப் பக்கவாட்டில் இழுகம்பி கட்டியிருக்கும். படத்தில் முதல் மரம் சிதறுகிறது, இரண்டாவது நேரே கடலுக்குள் பாய்கிறது, மூன்றாவது மொத்த அமைப்பையும் சாய்க்கிறது. ஆசி கொடுக்க வந்த துறவிகள் ஓட்டம் பிடிக்கிறார்கள். மூன்று என்ற கணக்கு சரியாக வேலை செய்கிறது: ஒன்றில் முடித்திருந்தால் விபத்து, ஐந்தாக இழுத்திருந்தால் அலுப்பு.

அதன் பிறகுதான் நடனம். அதற்கான விதை முதல் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. தன் சின்ன மகன் இறந்தபோது எழுந்து ஆடியதாகவும், எல்லோரும் பைத்தியம் என்றதாகவும், வலியை நிறுத்தியது ஆட்டம் மட்டுமே என்றும் ஸோர்பா சொல்லியிருப்பான். அந்த இடத்தைத் தவறவிட்டவருக்குக் கடைசிக் காட்சி பாதிதான் புரியும். அதனால் தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு திருத்தம். 'பழமையான கிரீட் நடனம்' என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அது படத்துக்காக அமைத்தது, நடன அமைப்பு யோர்கோஸ் ப்ரோவியாஸ். கான்ஸ்டாண்டிநோபிள் கசாப்புக்காரர்களின் பழைய ஆட்டமான ஹஸாபிகோவின் மெதுவான அடவுகளில் தொடங்கி, அதன் துரித வகைக்கு ஏறுகிறது. இசையில் கேட்கும் புசூக்கி என்ற தந்தி வாத்தியமும் கிரீட்டின் கிராமத்து வாத்தியமல்ல, நகரத்து வாத்தியம். கிரீட்டுக்காரர்களுக்கு வில்லால் வாசிக்கும் லீராவும் மீட்டி வாசிக்கும் லாவூட்டோவும்தான். ஆனால் வேகமான பகுதியின் மெட்டு மட்டும் கிரீட்டிலிருந்தே வந்தது, லாவூட்டோ கலைஞர் யோர்கிஸ் குட்சுரெலிஸ் 'சிர்டோஸ்' என்ற நாட்டு நடனத்துக்கு அமைத்தது அது. கால் எலும்பு முறிந்திருந்ததால் குதிக்க முடியாமல் காலை இழுத்து ஆடியதாக, ஸோர்பாவாக நடித்த ஆண்டனி குவின் பின்னாளில் எழுதினார். அவர் கதை சொல்வதில் ஸோர்பாவுக்குச் சளைத்தவரல்ல, கேட்டு ரசிக்கலாம்.

உங்கள் மாணவர்கள் மேடையில் ஆட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம், படம் முடிந்த பிறகு ஆடட்டும். மெதுவான பகுதியில் இடது காலை முன்வைத்து, வலது காலைத் தரையை ஒட்டி வீசி, அதே காலைப் பின்னால் வைப்பதுதான் ஆரம்பம். கை பக்கத்து ஆளின் தோளில், முழங்கை நீண்டு இருக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் தப்பு இரண்டு: தோளில் உடல் பாரத்தைச் சாய்ப்பது, இசைக்கு முன்னால் ஓடுவது. முதல் பகுதியில் அவசரப்பட்டால் வேகம் கூடும் இடத்தில் வரிசை அறுந்துவிடும்.

இனி ப்ரொஜெக்டர். லாஸலி இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து ஆஸ்கர் வாங்கினார். (அந்தச் சிலை, நடனம் படமான ஸ்டாவ்ரோஸ் கடற்கரையின் ஓர் உணவகத்தில் வெகுகாலம் இருந்து, 2012 புத்தாண்டுத் தீயில் அழிந்துபோனது.) வெயிலில் சுண்ணாம்புச் சுவர், அதன் முன் கறுப்பு உடை, இதுதான் அவருடைய சட்டகம். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவர் வெளுத்துவிடும், குறைத்தால் உடையின் மடிப்புகள் மறைந்துவிடும். கோயில் முற்றக் காட்சியை வைத்து முந்தின நாள் மாலையே சரிபார்த்துவிடுங்கள்.

இடைவேளை விட்டே ஆகவேண்டுமென்றால், ஸோர்பா கம்பியும் சாமானும் வாங்க நகரத்துக்குக் கிளம்பும் இடத்தில் விடுங்கள். அதற்குப் பிறகு விதவை வீட்டு இரவிலிருந்து கோயில் முற்றம் வரை ஒரே இழுவை, அதை வெட்டக்கூடாது.

கோப்பின் நீளத்தையும் பாருங்கள். படம் 142 நிமிடம். பழைய ஐரோப்பிய டிவிடியிலிருந்து எடுத்ததென்றால் 136 நிமிடம்தான் காட்டும். காட்சி எதுவும் வெட்டப்பட்டிருக்காது, நொடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டுவதால் வரும் வித்தியாசம் அது. ஆனால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறி, புசூக்கி கீச்சென்று கேட்கும். அப்படியிருந்தால் வேறு பிரதி தேடுங்கள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் என்றாலும் சப்டைட்டிலை அணைத்துவிடாதீர்கள். கெட்ரோவாவின் உச்சரிப்பில் பாதி வார்த்தை நழுவும், ஹோர்தென்ஸின் கதை முழுக்க அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பர்