வெல்லுற ஆளுக்குத்தான் வோட்டுப் போடவேணுமோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எலெக்சன் வந்தாலே கருத்துக்கணிப்பைக் காட்டி "இவர் வெல்லமாட்டார், வோட்டை வீணாக்காதேங்கோ" எண்டு சொல்ல ஒரு கூட்டம் வெளிக்கிட்டிடும். 2019ல எங்கட இலங்கை ஜனாதிபதி எலெக்சன்ல அநுர குமார திசாநாயக்க எடுத்தது 3 வீதம் சொச்சம், அப்ப அவருக்குப் போட்ட சனமெல்லாம் வீணாப் போட்டதோ, 2024ல அதே ஆள்தானே 42 வீதம் எடுத்து ஜனாதிபதியா வந்தவர். அந்த முறை ஒருத்தரும் 50 வீதம் தாண்டாததால முதல் ரெண்டு இடத்துக்கு வராத ஆக்களுக்குப் போட்ட வோட்டுச்சீட்டுகளில 2 எண்டு போட்டிருந்த ரெண்டாவது விருப்பத்தையும் முதல் தடவையா எண்ணினவை. பிறகேன் பயம்? மனசுக்குப் பிடிச்ச ஆளுக்கு 1, வெல்லக்கூடியவைக்குள்ள பரவாயில்லாத ஆளுக்கு 2. அம்மம்மாக்குப் பழைய கலண்டர் தாள்ல கீறிக் காட்டினனான், ரெண்டு நிமிசத்தில விளங்கீட்டுது. பேப்பர்க்காரர் நீங்களும் கருத்துக்கணிப்பைப் போடுற அளவுக்கு இதையும் முன்பக்கத்தில பெரிசாப் போடுங்கோ.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாசகி