அம்மாவின் இறுதிப் பயணத்தில் துணைநின்ற உங்களுக்கு

மட்டுவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட எங்கள் அன்பு அம்மா, தனது 87ஆவது வயதில் சிவபதம் அடைந்தார். எட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறோம். நாங்கள் வந்து சேர முன்னரே அயல் ஓடிவந்துவிட்டது. அந்த நன்றியைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு. அம்மா படுக்கையில் விழுந்த நாளில் இருந்து, இரவிலும் எழும்பி வந்து அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தவர் அவர். மாதக்கணக்கில் கிடந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. பெற்ற பிள்ளைகள் செய்ய வேண்டியதை அவர் செய்தார். இந்தக் கடனுக்கு எங்களிடம் ஈடு இல்லை.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றபோது, மருந்து எப்படிக் கொடுப்பது, தண்ணீரை எப்படிக் கரண்டியால் பருக்குவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, பெரியண்ணா விமானத்தில் வந்து சேரும்வரை கண்விழித்திருந்த சனசமூக நிலையத் தம்பிமாருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் பிளேன்ரீயும் கொண்டுவந்த ஒழுங்கைக்காரருக்கும் நன்றி. இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது கண்ணாடி இல்லாமலே முழுப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடிய ஐயாவுக்கும், கிரியைகளை நிறைவாகச் செய்த குருக்களுக்கும் அப்படியே.

அப்புறம், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் இருந்து வந்தவர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் எங்கள் தென்மராட்சிப் பகுதிக்குள் வந்தபோது, எங்கள் வளவும் நிறைந்தது. விறாந்தை, மாட்டுக் கொட்டில், மாமரத்தடி எங்கும் சனம். அம்மா எவரிடமும் ஊர் பெயர் கேட்கவில்லை. கஞ்சிக்கு அரிசி அளக்க வேண்டும் என்று, "சின்னப் பிள்ளையள் எத்தினை பேர்?" என்றுதான் கேட்டார். 2000ஆம் ஆண்டு தென்மராட்சியே இடம்பெயர்ந்தபோது, அன்று எங்களோடு இருந்த கோண்டாவில் குடும்பம் தங்கள் முன்னறையை ஒழித்து எங்களுக்குத் தந்தது. அந்த வீட்டு அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்து, பிரேதம் வீட்டை விட்டு எடுக்கும்வரை அம்மாவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை.

1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளையும் வந்திருந்தார், தன் கைக்குழந்தையோடு. "உங்கட அம்மாதான் என்னை முதல்முதல் குளிப்பாட்டினவ" என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வாய் அடைத்துப் போனது.

அம்மா உத்தியோகம் பார்க்கவில்லை, மேடை ஏறவில்லை. அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான் படலை தாண்டி ஒழுங்கை முழுக்க நின்றார்கள். பிள்ளைகளாக எங்களுக்கு இதைவிடப் பெருமை வேண்டாம்.

நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னவர்கள், கண்ணீர் அஞ்சலி அச்சிட்டவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து நடத்தியவர்கள், பெயர் சொல்ல விடுபட்டவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அந்தியேட்டிக் கிரியை வரும் வெள்ளிக்கிழமை காலை கீரிமலையிலும், வீட்டுக்கிருத்தியம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்திலும் நடைபெறும். அனைவரும் வந்து மதியபோசனத்திலும் கலந்துகொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுவந்த சட்டி, கரியர் பல இன்னும் எங்கள் குசினியில் இருக்கின்றன. அன்றே எடுத்துக்கொண்டு போகலாம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
மட்டுவில்