மணிக்கு எத்தனை என்று பார்த்து பிரஸ் வாங்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுட்டு முடித்த பித்தளை உறையில் வீட்டிலேயே மீண்டும் மருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் அமெரிக்க வழக்கத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவுக் கணக்கு சரி. ஆனால் புதிதாகத் தொடங்குபவர், மணிக்கு எத்தனை தோட்டா வரும் என்பதைப் பார்த்து பிரஸ் (இந்த வேலையைச் செய்யும் கைப்பிடி இயந்திரம்) வாங்கலாம் என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. எந்தத் தோட்டா, மாதத்துக்கு எத்தனை என்ற இரண்டையும் கேட்காமல் எந்த பிரஸ்ஸையும் பரிந்துரைக்கக் கூடாது.

வேலை எல்லா பிரஸ்ஸிலும் ஒன்றுதான். கைப்பிடியை இறக்கினால் உறை மேலே ஏறி, டை என்னும் அச்சுக்குள் நுழையும். பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் இருக்கும் சிறு மூடி) வெளியேறி, சுட்டபோது விரிந்த உறை பழைய அளவுக்குச் சுருங்கும். பிறகு புதுப் பிரைமர், மருந்து, குண்டு, கடைசியில் வாயை இறுக்குதல். சிங்கிள் ஸ்டேஜ் வகை பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டைதான் இருக்கும். டரெட்டில் டைகள் எல்லாம் ஒரு சுழல்தலையில் தயாராக நிற்கும். புரோகிரெசிவில் நாலைந்து உறைகள் ஒரே சமயத்தில் வெவ்வேறு கட்டத்தில் இருப்பதால், ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா வந்து விழும்.

ரைபிளுக்கு இந்த வேகத்தால் பெரிய பயன் இல்லை. .308, .30-06 போன்ற ரைபிள் தோட்டாக்களின் உறை மேலே குறுகும்; குறுகும் சரிவு தோள், அதற்கு மேல் ஒடுங்கிய பகுதி கழுத்து. டைக்குள் செலுத்துமுன் ஒவ்வோர் உறைக்கும் மசகு தடவ வேண்டும். குறைந்தால் உறை டைக்குள் சிக்கும். இன்னும் இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும், பிறகு அடியில் துளையிட்டு மரை வெட்டித்தான் உறையை வெளியே எடுக்க முடியும். கூடினால் தோளில் குழி விழும். அளவு சரிசெய்தபின் மசகைத் துடைத்து, நீளத்தை அளந்து, வளர்ந்திருந்தால் வெட்டி, வாயின் பிசிறையும் எடுக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பிரஸ்ஸுக்கு வெளியே நடப்பது. மணிக்கு ஐந்நூறு தரும் இயந்திரம் வைத்திருப்பவரும் இங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

அளவு சரிசெய்யும்போது தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறோம் என்பது இன்னும் முக்கியம். கையால் போல்ட்டை இழுத்து நிரப்பும் போல்ட் ரைபிளுக்கு 0.002 அங்குலம் போதும். தானாக நிரப்பிக்கொள்ளும் ரைபிளுக்கு 0.003 முதல் 0.004 வரை. டை, உறையைப் பிடித்திருக்கும் ஷெல்ஹோல்டரைத் தொட்டதும் இன்னும் கால் சுற்று திருகச் சொல்லும் குறிப்பை அப்படியே பின்பற்றினால், பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் உறை அங்கேயே இரண்டாகப் பிரியும். டையைக் கண்மதிப்பில் வைக்காமல், தோளை அளக்கும் கேஜால் அளந்து வையுங்கள்.

இந்த அளவு நூறு உறையிலும் மாறாமல் வர வேண்டுமானால் பிரஸ் வளையக் கூடாது. அதனால்தான் முதல் பிரஸ்ஸாக, முன்பக்கம் திறந்த சி வடிவத்தை விட்டு, சுற்றிலும் மூடிய ஓ வடிவ வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜைச் சொல்கிறேன். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட், ரெட்டிங் பிக் பாஸ் மூன்றுமே நம்பி வாங்கத் தக்கவை. மூன்றும் 7/8 அங்குலம், 14 மரை கொண்ட வழக்கமான டையை ஏற்கும்; ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் உட்காரும். 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கிய ஆர்சிபிஎஸ்ஸின் பெயரிலும் ராக் சக்கரின் பெயரிலும் இருப்பது 'ராக் சக்' என்னும் மலை மர்மோட்டு (அணில் குடும்பத்துப் பிராணி); அதைச் சுடுவதற்கான குண்டு செய்யும் டையிலிருந்துதான் அந்தக் கம்பெனியே பிறந்தது.

பிஸ்டல் கதை வேறு. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 ஏசிபி உறைகளுக்குத் தோள் கிடையாது. கார்பைடு வளையம் வைத்த டை வாங்கினால் மசகும் வேண்டாம். ஆனால் எண்ணிக்கை கூடும். ஒரு பயிற்சிக்கு 200 தோட்டா சுடுபவர் சிங்கிள் ஸ்டேஜில் நாலு டைக்குமாக 800 முறை கைப்பிடியை இழுக்க வேண்டும். மாதம் இருநூறோ முந்நூறோ சுடுபவருக்கு நாலு துளை டரெட் போதும். ஆயிரத்தைத் தாண்டினால் புரோகிரெசிவ் வாங்குவது நியாயம்தான்.

வாங்குமுன் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். புரோகிரெசிவ் வகையில் டில்லன் 550-இல் நாலு கட்டம், உறைகள் நிற்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். டில்லன் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி இரண்டிலும் ஐந்து கட்டம், தட்டு தானே சுழலும். அந்த ஐந்தாவது கட்டத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். மருந்தின் மட்டத்தைச் சோதிக்கும் டையை அங்கே வைக்கலாம். கையால் சுழற்றுவதில் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால், சுழற்ற மறந்து ஒரே உறையில் இருமுறை மருந்து விழும். .38 ஸ்பெஷல் உறையில் கரும்பொடிக் காலத்துக் கொள்ளளவு இருப்பதால் இரட்டை மருந்தும் வழியாமல் அடங்கிவிடும். சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு குழாய் நடுவில் போய் நிற்கும். அடுத்த தோட்டா குழாயைக் கிழிக்கும். நாலு கட்டம்தான் என்றால், விளக்கைத் தட்டுக்கு நேராகப் பொருத்தி, குண்டு வைக்குமுன் ஒவ்வோர் உறைக்குள்ளும் பாருங்கள். டில்லன் ஸ்கொயர் டீல் பி பிஸ்டலுக்கு மட்டுமே. டையும் அதற்கென்று தனி. இரண்டு வகையும் நிரப்ப நினைப்பவர் அதைத் தவிர்க்கலாம்.

புரோகிரெசிவில் எல்லாவற்றையும்விட அதிகம் தொல்லை தருவது பிரைமர். .45 ஏசிபி உறைகளில் பெரிய பிரைமர் குழியும் உண்டு, சிறியதும் உண்டு. கலந்து போட்டால் நடுவில் நசுங்கி நிற்கும். ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி இறுக்கிய வளையத்தை முதலில் நீக்க வேண்டும். உட்கார்ந்த பிரைமர் உறையின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். துருத்தி நின்றால், தானாக நிரப்பிக்கொள்ளும் ரைபிளில் போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும். பிரைமர் அடியில் முட்டுவதைக் கை உணர வேண்டுமானால் மேசை ஆடக் கூடாது. அதைச் சுவரின் கட்டைகளோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பழைய பிரைமரின் கரியில் ஈயம் உண்டு. அந்த மேசையில் சாப்பிடாதீர்கள். முடித்ததும் கை கழுவுங்கள். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதற்கென்றால் வேண்டும்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்றும் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. படித்துவிட்டு இங்கே யாரும் முயன்று பார்க்காதிருக்க, இந்த விவரத்தை அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்