ஆடித் தள்ளுபடியும் ட்ரங்குப் பெட்டித் துணிகளும்

கிருஷ்ணகிரி,
ஆடி மாதம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அவள் அங்கேயே அறை எடுத்துத் தங்கட்டும், தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவது உடம்புக்கு ஆகாது. இங்கே மாங்காய் சீசன் ஓய்ந்துவிட்டது. மருமகளுக்கு ஏழாம் மாதம், நன்றாக இருக்கிறாள். வளைகாப்பு எப்போது என்று முடிவானதும் எழுதுகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் என்று வாங்கி வாங்கி பீரோவிலும் பரணிலும் துணி நிரம்பிவிட்டது, அடுத்த ஆடி வரை ஒரு முழம்கூட வாங்க மாட்டேன் என்று சபதம் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லையடி. வாங்குவது ஒரு சந்தோஷம், தைப்பது வேறு சந்தோஷம். கடைக்காரர் துணியை உதறி விரிக்கும்போது மனசுக்குள் ஒரு போர்வையே தைத்து முடித்துவிடுகிறோம், அதனால்தான் வாங்குகிறோம். அந்த ஆசையை ஒரு வருஷம் பூட்டி வைத்தால் பூட்டைத் திறக்கும் நாளில் இரண்டு பங்காக வாங்குவோம். அதைவிட, பெட்டியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

பேரப்பிள்ளைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் என்று என் ட்ரங்குப் பெட்டியை மொத்தமாகக் கவிழ்த்தேன். அதில் பாதி நான் காசு கொடுத்து வாங்கியதே இல்லை! வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கொலு என்று தாம்பூலத்தோடு வந்த ஜாக்கெட் பிட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடுகிறது. பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு போலக் கெட்டியாக நிற்கிறது. கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். குழந்தைக்குப் பருத்தி மட்டும்தான் என்று ஒதுக்கியதில் பெட்டி பாதிக்குமேல் காலியாகிவிட்டது. மீதியைப் பைகளாகவும் தலையணை உறைகளாகவும் தைத்துவிடலாம், வீணாகாது. நீயும் அப்படியே பிரித்துப் பார். ரொம்ப நாளாக ஒரே மடிப்பில் கிடந்த துணி, மடிப்பு ஓரத்தில் பழுப்பேறி இற்றுப்போகும். எடுத்துப் பார்த்து, மடிப்பை மாற்றியாவது வை.

ஒரு போர்வைக்கு உண்மையில் எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாயா? 5 அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் ஒவ்வொன்றும் 4.5 அங்குலம் நிற்கும். எட்டுக்கு எட்டு 64 சதுரம் வைத்தால் 36 அங்குலம், குழந்தைப் போர்வைக்குச் சரியான அளவு. 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 56 சதுரம் கிடைக்கும். அதாவது ஒன்றேகால் மீட்டர் இருந்தால் மேல்பக்கம் முடிந்தது. பெரியவர்கள் ஒருவருக்கான போர்வைக்கு 13 வரிசை, வரிசைக்கு 20 சதுரம் என்று 260 போதும். ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து தள்ளுபடி பேனரைப் பார்த்தாலும் எனக்குப் பரபரப்பு வருவதில்லை.

ஆனால் பெட்டியில் இல்லாதது ஒன்று இருந்தது. எல்லாம் பூப்போட்டது, கட்டம் போட்டது, ஜிகினா அடித்தது. இரண்டு பூத்துணி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டுமே எடுபடவில்லை. நடுவில் கண்ணுக்கு ஓய்வு தருகிற சந்தன நிறம், வெளிர் சாம்பல், வெறும் வெள்ளை எதுவுமே இல்லை. பிளெயின் துணியைக் கடையில் யார் ஆசைப்பட்டு வாங்குகிறோம்? போர்வைக்கோ அதுதான் அதிகம் வேண்டியிருக்கிறது. ஆகவே பர்கூருக்குப் போனேன். குட்டி சூரத் என்று சொல்லுகிற ஊர், அங்கே கடைக்குக் கடை ஏறி இறங்காமல் வருவது கஷ்டம். வெட்டிய சதுரங்களில் சிலதைக் கையோடு எடுத்துப் போய், அவற்றோடு வைத்துப் பார்த்துச் சந்தன நிறக் காட்டன் ஒன்று மட்டும் எடுத்தேன். இப்படி வாங்குவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது, செல்வி. தைக்கிற துணியே இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. வந்ததும் நனைத்துக் காயவைத்துவிட்டேன். புதுக் காட்டன் சுருங்கும், தெரியும்தானே. பெட்டியிலிருந்த சிவப்பு, கருநீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். சாயம் விட்ட ஒன்றைத் தள்ளி வைத்தேன்.

அடிப்பக்கத்துக்குத்தான் நீ மீட்டர் மீட்டராக வாங்குகிறாய் என்று உன் கடிதத்திலிருந்து புரிகிறது. அம்மாவின் பழைய காட்டன் புடவைகள் உன்னிடம் இருக்குமே. ஐந்தரை மீட்டர் புடவையை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் நீளவாக்கில் இணைத்தால் ஏறக்குறைய 90 அங்குல அகலம், 108 அங்குல நீளம் கிடைக்கும். இரட்டைக் கட்டில் போர்வைக்கே போதும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அந்தத் துணிக்கு ஈடாகப் புதுத்துணி எதுவும் வராது.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வைகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். ஒரு பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, கிழிந்த உடுப்புகளின் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவை நோக்கிச் சுற்றி வருகிறார்கள். நம்மைப் போல முன்கூட்டியே வெட்டி அடுக்குவது கிடையாது. கைக்கு எந்தத் துண்டு வருகிறதோ அதற்கு அடுத்தது எது பொருந்தும் என்று அந்த இடத்திலேயே முடிவு. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணிப் பூ ஒன்று வைத்துத் தைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. அந்த மூலைப் பூவை நான் பேரப்பிள்ளை போர்வையில் வைக்கப் போகிறேன். உன் பழைய பாவாடைத் துணி ஏதாவது இருந்தால் அதற்கு அனுப்பு, ஒரு மூலை உன்னுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. உன்னிடம் வெளிர் நிறப் பிளெயின் துணி நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன், தையல் வகுப்புக் காலத்திலிருந்தே உனக்கு அந்த நிறங்கள்தான் பிடிக்கும். எனக்குப் பூத்துணி மிச்சம். பதினெட்டுக்கு நீங்கள் ஒகேனக்கல் போய்த் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. இரண்டு பெட்டியையும் கூடத்தில் கொட்டி மாற்றிக்கொள்வோம். அப்புறமும் ஏதாவது குறைந்தால் மத்தியானம் பர்கூர் பஸ் ஏறலாம். வரும்போது இன்ச் டேப் கொண்டு வா, என்னுடையது நீண்டு அளவு மாறிவிட்டது.

அன்புடன்,
மல்லிகா